இருநூற்றுப் பதினாலாம் பக்கம்

கடிதத்தில் "நெறிமுறை மீறல்" என்று இருந்ததை நான்கு தடவை படித்தும் ரிப்பீட்டருக்குப் பயம் வரவில்லை. கணினி வலையமைப்பு படிக்கிறவனுக்கு நெறிமுறை என்றால் வேறு அர்த்தம். இரண்டு கணினிகள் பேசிக்கொள்ளும்போது யார் முதலில் வாயைத் திறக்க வேண்டும், யார் "ம்" கொட்ட வேண்டும் என்கிற ஒழுங்குதான் அவனுக்குத் தெரிந்த நெறிமுறை. காலையில் ஆய்வகத்தில் ஏதோ வயரை மாற்றிச் செருகிவிட்டோம் போலிருக்கிறது என்று நினைத்தான். அதற்குப் போய் உறை போட்டு, பெயர் ஒட்டி, அலுவலக உதவியாளர் அண்ணன் கையில் கொடுத்தனுப்ப வேண்டுமா என்றுதான் அவனுக்கு ஆச்சரியம்.

"நான் எந்த ப்ரோட்டோகாலையும் மீறலையேடா," என்றான் பக்கத்திலிருந்த நண்பன் ஹப்பிடம். "லேப் கம்ப்யூட்டர் ஹலோன்னு சொல்லிச்சு. எதிர்ப்பக்கத்துக் கம்ப்யூட்டர் பதில் ஹலோ சொல்லிச்சு. சரின்னு சொல்லிட்டுத்தான் பேச்சையே ஆரம்பிச்சோம்."

ஹப் கடிதத்தைப் பிடுங்கிப் படித்தான். அவன் முகம் வெளுத்தது.

"டேய், இது அந்த நெறிமுறை இல்லடா. ஒழுக்கம்! ஒழுக்கத்தை மீறிட்டேன்னு எழுதியிருக்காங்க!"

ரிப்பீட்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அவனுடைய நிஜப் பெயரை வகுப்பில் எல்லோரும் மறந்து ஒரு வருடம் ஆகிறது. களைத்துப்போன சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் கருவிக்கு ரிப்பீட்டர் என்று பெயர். போன வருடம் இந்தப் பாடத்தில் தோற்று, அதையே இந்த வருடம் மறுபடி படிக்கிறவனுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? ஹப்புக்கும் அப்படித்தான். ஒரு துளையில் வந்ததை மற்ற எல்லாத் துளைகளிலும் கொட்டுகிற பழைய பெட்டிக்கு ஹப் என்று பெயர். அவனிடம் ஒரு ரகசியம் சொன்னால் போதும்.

ரிப்பீட்டர் கடிதத்தை மறுபடி படித்தான்.

"அன்புடையீர், தங்கள் பெயரிலுள்ள பணியில் பிறருடைய ஆய்வகப் பதிவு அப்படியே இடம்பெற்றிருப்பதாகப் புகார் வந்துள்ளது. இது கடுமையான நெறிமுறை மீறல். நாளை காலை பதினோரு மணிக்குக் கல்விக் குழு அறைக்கு நேரில் வரவும். அந்தப் பதிவு எங்கிருந்து எடுக்கப்பட்டது என்ற எழுத்துமூல விளக்கத்தைப் பத்து மணிக்குள் ஒப்படைக்கவும்."

"ஏழாவது பயிற்சி," என்றான் ரிப்பீட்டர் ஈனஸ்வரத்தில்.

ஏழாவது பயிற்சி இதுதான்: உன் சொந்தக் கணினி இன்னொரு கணினியோடு பேசுவதை ஒட்டுக்கேட்டு, அந்தப் பேச்சை வரி பிசகாமல் பதிவுசெய்து, ஆய்வகப் பதிவேட்டில் ஒட்ட வேண்டும். ரிப்பீட்டர் அதைச் செய்யவில்லை. அவன் மடிக்கணினி செத்துப்போய் எட்டு மாதமாகிறது. ஹப்பின் பதிவேட்டிலிருந்து இரண்டு பக்கத்தைப் படித்துக்கூடப் பார்க்காமல் அப்படியே எடுத்து ஒட்டிவிட்டான்.

இந்தப் பாடத்துக்கு இரண்டே வாய்ப்புகள்தான். ஒன்று போன வருடமே போய்விட்டது. விசாரணையில் மாட்டினால் பட்டம் கிடையாது, நான்கு வருடப் படிப்பும் பாழ். அதைவிட மோசம், அவன் தேறிவிட்டான் என்று அப்பா ஏற்கெனவே சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் ஃபோன் செய்து சொல்லியிருந்தார். அவரிடம் அப்படிச் சொன்னதும் ரிப்பீட்டர்தான்.

"ஹப்பு, உன் கால்ல விழறேன். இதை யார்கிட்டயும் சொல்லிடாதே."

"சேச்சே! என்னைப் பத்தி என்ன நினைச்சே?" என்றான் ஹப் புண்பட்ட குரலில்.

கால் மணி நேரத்தில் வகுப்பில் மற்ற முப்பது பேரும் ரிப்பீட்டரைச் சுற்றி நின்றார்கள். ஆறுதல் சொல்ல வந்திருக்கிறார்கள் என்று நினைத்து அவனுக்குக் கண் கலங்கியது. ஆனால் ஒருத்தர் முகத்திலும் ரத்தமே இல்லை.

"ஏழாவது பயிற்சியா? ரெண்டு பக்கமா?" என்றாள் முதல் பெஞ்சுக்காரி. எந்தத் தேர்விலும் தொண்ணூறுக்குக் கீழே இறங்காதவள். "எங்கிட்ட இருக்கறதும் அதே ரெண்டு பக்கம்தான்."

"நீ... நீயுமா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்குப் பின்னால் இன்னும் இருபத்தொன்பது தலைகள் குனிந்தன. வகுப்பே ஒரே பதிவை ஒட்டியிருக்கிறது!

"நீ மாட்டினா வரிசையா நாங்களும் மாட்டுவோம்," என்றான் ஒருவன். "ஒழுங்கா நீயே போய் சார்கிட்ட எல்லாத்தையும் ஒத்துக்கோ. எங்க பேரு மட்டும் வரக்கூடாது."

அவர்களே அவனைப் பேராசிரியர் அறை வரை நடத்திக் கொண்டுபோய், கதவைத் தட்டிவிட்டு, ஓடி மறைந்தார்கள்.

பேராசிரியர் வழக்கமாகக் கடுகடு ஆசாமி. போன வருடம் ரிப்பீட்டரின் பதிவேட்டில் சிவப்பு மையால் "பயனற்ற பணி" என்று எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டவர். ஆனால் இன்று அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். மேஜைமேல் அவர் எழுதிய புத்தகம் கிடந்தது. ஆறு மாதத்துக்கு முன் வெளிவந்த புத்தகம்; தலைக்கு வைத்துப் படுக்கலாம், அவ்வளவு கனம். அதன்மேல் பிரித்த கடிதம் ஒன்று.

"வாப்பா, வா! உக்காரு," என்றார்.

பேராசிரியர் தன்னை உட்காரச் சொன்னதே ரிப்பீட்டருக்கு முதல் அதிர்ச்சி. உட்காராமல் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினான். விசாரணைக் கடிதம் வந்ததைச் சொன்னான், காப்பி அடித்ததைச் சொன்னான். பெயர் சொல்லாமல் சமாளிக்கத்தான் பார்த்தான்; ஆனால் "நீ யாருதைப் பாத்து எழுதினே?" என்று அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டதும் முப்பத்தொரு பெயரும் வரிசை எண்ணோடு வந்து விழுந்தன.

கடிதத்தை அவரிடம் நீட்டினான். அவர் கையை உதறினார்.

"அடுத்தவன் கவருக்குள்ள நான் பாக்கமாட்டேன். வகுப்புல என்ன சொல்லியிருக்கேன்? வந்த தகவலை வழிகாட்டி அனுப்பற ரவுட்டருக்கு என்ன அழகு?"

"கவர்மேல இருக்கற விலாசத்தை மட்டும் பாக்கணும். உள்ள என்ன இருக்குன்னு எட்டிப் பாக்கக்கூடாது, சார்."

"அதுதான்!" அவர் மேஜைமேலிருந்த தன்னுடைய கடிதத்தை எடுத்தார். "ஆனா என் கடிதத்தை நானே படிச்சுக் காட்டறேன், கேளு. 'தங்கள் பணியின் தரம் இப்போதுதான் எங்கள் கவனத்துக்கு வந்தது. இத்தனை நாள் அதை உணரத் தவறியதற்கு வருந்துகிறோம். நாளை காலை பதினோரு மணிக்குக் குழு அறையில் நேரில் பாராட்ட விரும்புகிறோம்.' பாத்தியா? வருந்துகிறோம்னு வேற போட்டிருக்காங்க! என் புத்தகம் வந்து ஆறு மாசம் கழிச்சு இப்பத்தான் கண்ணு திறந்திருக்கு."

"வாழ்த்துகள் சார்," என்றான் ரிப்பீட்டர். அழுகையோடு வாழ்த்துவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் அவனுக்குத் தெரிந்தது.

"அழாதே. சந்தோஷமான நாள்ல உனக்கும் ஒரு வழி சொல்றேன். காப்பி அடிச்ச முப்பத்திரண்டு பேரும் வெறும் ரவுட்டர்தான். வந்ததை வாங்கி அனுப்பியிருக்கீங்க. குத்தவாளி யாருன்னா, இது முதல்ல எங்கேருந்து கிளம்பிச்சோ அந்த ஆளு. ஒவ்வொரு நிறுத்தமா பின்னாடியே போ. மூலத்தைப் பிடி. பிடிச்சு, பேரோட, ஆதாரத்தோட குழுகிட்ட எழுதிக் குடு. இரக்கமே காட்டாதே!"

ரிப்பீட்டர் அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறையாக வெளியே வந்தான்.

அன்று மாலை வரை துப்பறிந்தான். ஹப் முதல் பெஞ்சுக்காரியிடமிருந்து எடுத்திருந்தான். அவள் வாங்கியது கடைசி பெஞ்சில் தூங்குகிறவனிடமிருந்து. அந்த அவமானத்தை ஒத்துக்கொள்ளவே அவளுக்குப் பத்து நிமிடம் பிடித்தது. தூங்குகிறவனை எழுப்பிக் கேட்டதில் அவன் வகுப்புத் தலைவனைக் கைகாட்டினான். வகுப்புத் தலைவன் படிக்கட்டில் இறங்கி ஓடப் பார்த்தான். ஹப் காலை வாரிப் பிடித்தான்.

"நீதான் மூலமா?"

"ஐயோ, நான் இல்ல! நான் புத்தகத்துலேருந்து எடுத்தேன்."

"எந்தப் புத்தகம்?"

"சார் புத்தகம். இருநூத்திப் பதினாலாம் பக்கம்."

ரிப்பீட்டர் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டான். மூலத்தை இரக்கமில்லாமல் பிடி என்றவரே மூலமாக இருந்தால் என்ன செய்வது? அவர் பெயரை எழுதிக் கொடுத்தால் இந்த ஜென்மத்தில் தேற முடியுமா? எழுதாவிட்டாலும் தேற முடியாது.

"அவர் புத்தகம், அவர் கம்ப்யூட்டர்ல எடுத்த பதிவு. அதுல அவர் தப்பு ஒண்ணும் இல்லையே," என்றான் ஹப். "நாமதான் எடுத்தோம்." பிறகு, யாரிடமோ சொல்ல வேண்டியிருக்கிறது என்று அவசரமாகப் போய்விட்டான்.

வீட்டுக்கு வந்து புத்தகத்தை அக்காவின் முன்னால் விரித்து வைத்தான். அக்கா பல் மருத்துவமனையில் வரவேற்பாளர். நாள் முழுக்கப் பொய் சொல்லும் நோயாளிகளைப் பார்ப்பவள். தினம் இரண்டு வேளை பல் தேய்க்கிறேன் என்பவனின் முகத்தைப் பார்த்தே உண்மையைச் சொல்லிவிடுவாள்.

"இந்த நம்பர் என்னடா, வரிக்கு வரி வருது?" என்று ஒரு இடத்தில் விரலை வைத்தாள்.

"அது கம்ப்யூட்டரோட அடையாள எண்ணுக்கா, எண்ணும் எழுத்தும் கலந்து இருக்கும். ஒவ்வொரு மிஷினுக்கும் செய்யறப்பவே போட்டுடுவாங்க, நம்ம மச்சம் மாதிரி. இது சாரோட மிஷின்."

"கடைசியில டி-இ-ஏ-டின்னு முடியுதே. டெட்டு. உன்னோட பழைய லேப்டாப்பை நீ அப்படித்தானே கூப்பிடுவே? நம்பரே டெட்டுன்னு முடியுது, அதான் செத்துப்போச்சுன்னு?"

இருவரும் ஒரே நேரத்தில் துணி அலமாரியைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு கால் கட்டையான அந்த அலமாரிக்கு எட்டு மாதமாக முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது அந்த மடிக்கணினிதான். ரிப்பீட்டர் பாய்ந்து அதை உருவினான். அலமாரி ஒரு பக்கம் சரிந்து, கதவு திறந்து, அக்காவின் துணி முழுவதும் அவன் தலைமேல் கொட்டியது. அதற்குள்ளிருந்து அவன் கை மட்டும் மடிக்கணினியோடு வெளியே நீண்டது.

அக்கா அதன் அடியில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தாள். பிறகு புத்தகத்தைப் படித்தாள். ஒரு எழுத்து மாறவில்லை. பக்கத்தின் மூலையிலிருந்த தேதி போன வருடத்துடையது.

"இது உன்னுது," என்றாள். "போன வருஷம் நீயே ராப்பகலா உக்காந்து எடுத்தது. பயனற்ற பணின்னு எழுதி ஃபெயில் பண்ணினாரே, அது!"

துணிக்குவியலிலிருந்து ரிப்பீட்டரின் தலை வந்தது. பேயறைந்த மாதிரி இருந்தான்.

"அப்ப மூலம்..."

"நீதான்!"

"நானேவா?" என்று அலறினான். "போச்சு! குத்தவாளி நானேதான்க்கா! என்னோட குப்பை எப்படியோ சார் புத்தகத்துல கலந்துபோச்சு! நாளைக்கு அந்தப் புத்தகத்துக்குப் பாராட்டு வேற!"

அக்கா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொத்தைப் பல்லோடு வந்து சர்க்கரையே தொடமாட்டேன் என்பவர்களைக்கூட அவள் அப்படிப் பார்த்ததில்லை.

"உனக்கு மூளைன்னு ஒண்ணு இருக்கா? குப்பையாவது, கலந்துபோறதாவது! திரும்பி வர்ற வரைக்கும் உன் போன வருஷப் பதிவேடு யார்கிட்ட இருந்துச்சு?"

"சார்கிட்ட."

"புத்தகம் யார் எழுதினது?"

"சார்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? மூலம் யாரோ அவன்தான் குத்தவாளின்னு சாரே சொல்லிட்டாரே!"

அக்கா நெற்றியில் அடித்துக்கொண்டாள். அரை மணி நேரம் விளக்கினாள். அவனுக்குப் புரிந்ததா என்றால், புரிந்தது. ஆனால் துணிச்சல் வரவில்லை. ஒருவருடைய கையெழுத்தில் பட்டம் தொங்கும்போது அவரைத் திருடர் என்று நினைக்க யாருக்கு மனம் வரும்? கடைசியில், நடந்ததை நடந்தபடி மட்டும் எழுது, வேறு ஒன்றும் எழுதாதே என்று அக்கா கட்டளையிட்டாள். அவன் எழுதினான். யாரிடமிருந்து யாருக்கு வந்தது, புத்தகத்தின் பக்க எண், அடையாள எண், தேதி எல்லாம் இருந்தன. அவள் அலமாரிக்கு முட்டுக் கொடுக்கச் செங்கல் தேடப் போன நேரத்தில், அடியில் ஒரு வரி சேர்த்துவிட்டான்: "சாருடைய புத்தகத்தில் என் பதிவு இடம்பெற்றதற்காக மனப்பூர்வமாக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்."

மறுநாள் காலை ஒன்பதே முக்காலுக்கே குழு அலுவலகத்தின் ஜன்னல் வழியாக விளக்கத்தையும், செத்துப்போன மடிக்கணினியையும், சிவப்பு மைக் கோடு போட்ட போன வருடப் பதிவேட்டையும் உள்ளே கொடுத்தான். உள்ளேயிருந்த எழுத்தர் விளக்கத்தைப் படித்தார். அவனை நிமிர்ந்து பார்த்தார். திரும்பவும் படித்தார். பிறகு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து உள்ளறைக்கு ஓடினார்.

அவ்வளவுதான், முடிந்தது கதை என்று ரிப்பீட்டர் நடைவழி பெஞ்சில் உட்கார்ந்தான். அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்தான். 'அப்பா' என்ற சொல்லைத் தாண்டி ஒத்திகை நகரவே இல்லை.

பத்தே முக்காலுக்குப் பேராசிரியர் வந்தார். புது கோட்டு. தலைமுடி படிய வாரியிருந்தது. பக்கத்தில் அவர் மனைவி, கழுத்தில் கேமராவோடு.

"இங்கயே நில்லுங்க, வெளிச்சம் நல்லா இருக்கு," என்றார் மனைவி. "உள்ள போறதுக்கு முன்னாடி ஒண்ணு எடுத்துடறேன். புத்தகத்தை நெஞ்சுக்கு நேரா பிடிங்க."

பேராசிரியர் பிடித்தார். அப்போதுதான் பெஞ்சில் சுருண்டிருந்தவனைப் பார்த்தார்.

"என்னப்பா, மூலத்தைப் பிடிச்சியா?"

"பிடிச்சிட்டேன் சார்."

"எழுதிக் குடுத்தியா?"

"ஆதாரத்தோட குடுத்துட்டேன் சார்."

"பலே!" என்று அவன் முதுகில் தட்டினார். "இதுதான் துணிச்சல். யாரு அந்தப் பய?"

"நான்தான் சார்." ரிப்பீட்டர் கைகூப்பினான். "உங்க புத்தகத்துல இருநூத்திப் பதினாலாம் பக்கத்துல இருக்கறது என்னோட லேப்டாப்பு, சார். நம்பர், தேதி எல்லாம் ஒத்துப்போகுது. என்னை மன்னிச்சிடுங்க. போன வருஷம் நீங்க ஃபெயில் பண்ணின பதிவேட்டையும் சேர்த்தே குடுத்துட்டேன்."

தட்டிக்கொண்டிருந்த கை முதுகிலேயே நின்றது. பேராசிரியரின் முகம் முதலில் சிவந்தது. பிறகு வெளுத்தது. பிறகு இந்த இரண்டிலும் சேராத ஒரு நிறத்துக்கு வந்தது.

"கு... குடுத்துட்டியா? எதுக்குடா குடுத்தே?"

"நீங்கதானே சார், இரக்கமே காட்டாதேன்னு..."

"போ! போய் திரும்ப வாங்கிட்டு வா! ஓடு!"

"ஏங்க, சிரிங்க," என்றார் மனைவி கேமராவுக்குப் பின்னாலிருந்து. "ஏன் மூஞ்சி இப்படிப் போகுது?"

அப்போது குழு அறைக் கதவு திறந்தது. அலுவலக உதவியாளர் அண்ணன் அவசரமாக வெளியே வந்தார். நேற்றுக் கடிதம் கொண்டுவந்து கொடுத்த அதே அண்ணன். ரிப்பீட்டர் எழுந்து, சட்டையைச் சரிசெய்துகொண்டு, தண்டனைக்குத் தயாராக நின்றான்.

அண்ணன் இருவரையும் மாறி மாறிப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். "ரெண்டு பேரும் மன்னிக்கணும். நேத்து உங்க துறைக்கு ரெண்டே கவரு. பேரு ஒட்டறப்ப மாத்தி ஒட்டிட்டாங்களாம். நான் கவர் மேல இருக்கறதைத்தானே பாப்பேன், உள்ளயா எட்டிப் பாப்பேன்? வாங்க சார், விசாரணை உங்களுக்கு, பாராட்டு தம்பிக்கு."